ஸ்ரெலா அழித்த அட்டவணை

ஸ்ரெலாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது நான் வவுனியாவில், வேலை செய்யும் கந்தோரில் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணா, அக்கா எங்களை விட்டுட்டுப் போட்டா" என்றான். டெங்குக் காய்ச்சல் என்று முதலே சொல்லியிருந்தான். இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்னதாகவும் சொல்லியிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. வாயில் முதலில் வந்த கேள்வி, "அவவின்ர கொம்பியூட்டர் எங்கை? ஆரும் எடுத்தவையோ?" என்பதுதான். அவன் திகைத்துவிட்டான். "அறைக்குள்ள கிடக்குது அண்ணா. ஏன்?" என்றான். "ஒண்டுமில்லை, அறையைப் பூட்டிவை, வாறன்" என்றேன். இறந்தவளுக்காக அழமுன் அவளுடைய கணினிக்காகப் பயந்த இவன் என்ன மனிதன் என்று நீங்கள் நினைக்கலாம். ஸ்ரெலா அப்படி நினைத்திருக்க மாட்டாள். நான் செத்து அவளுக்குச் செய்தி போயிருந்தால் அவளும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கியதும் பதாகை கண்ணில் பட்டது. அவள் கணினி படிப்பித்த நிலையத்துப் பிள்ளைகள் கட்டியிருந்தார்கள். ‘அஞ்சா நெஞ்சம் கொண்ட ஆசிரியைக்கு எங்கள் கண்ணீர் அஞ்சலி.’ எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகள் பாவம், அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அவளை அறிந்த நாங்கள் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஸ்ரெலா ஒரு பயந்தாங்கொள்ளி. பஸ் நிலையத்திலிருந்து உப்புக்குளத்தில் அவள் வீடு வரைக்கும் நடந்தால் வழியில் நிற்கும் ஒவ்வொரு கழுதைக்கும் அவள் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போவாள். மற்றப் பக்கத்திலும் கழுதை நின்றால் என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள். மன்னாரில் பிறந்தவளுக்குக் கழுதைப் பயம்! கடற்றொழில் வீட்டுப் பிள்ளை, வள்ளத்தில் கால் வைக்க மாட்டாள். "என்ர மகளுக்கு மீன்குழம்பில மட்டும்தான் பயமில்லை" என்று அவளுடைய அப்பா ஆட்களுக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

அவள் இதை ஒருபோதும் மறைத்ததில்லை. பகிடி பண்ணினால், "பயப்பிடுறவள்தான் ரெண்டு தரம் யோசிப்பாள். நீங்கள் எல்லாரும் துணிஞ்சு துணிஞ்சுதானே எங்கட இடம் இப்பிடிக் கிடக்குது" என்பாள்.

நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தோம். இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஒன்றாகச் சேர்ந்தோம். யுத்தம் முடிந்து, முகாம்களில் இருந்த சனத்தைப் பெருநிலப்பரப்பு ஊர்களில் மீளக் குடியமர்த்திக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் குடும்பமும் அப்போதுதான் பாப்பாமோட்டைக்குத் திரும்பி, தகரத்தின் கீழ் இருந்துகொண்டு வயலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் தொலைபேசிக் கோபுரம் இல்லை. கதைக்க வேண்டுமானால் குளக்கட்டில் ஏறி, கையை உயர்த்திக்கொண்டு நடக்க வேண்டும். பஸ் மட்டும் வந்துபோனது. செய்தியைப் பஸ் கொண்டுபோனால் என்ன என்று யோசித்தோம்.

சோற்றுப்பெட்டி அளவான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஒரு சிறிய சுற்றுப்பலகை, ஒரு பற்றரி. ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பெட்டி, இரண்டு பஸ்களில் சாரதியின் ஆசனத்துக்குக் கீழே ஒவ்வொன்று, ஸ்ரெலா வீட்டில் ஒன்று. பஸ் கிட்ட வந்ததும் பெட்டிகள் ஒன்றோடொன்று கம்பியில்லாமல் கதைத்து, ஒன்றில் இருக்கும் செய்தியை மற்றது எடுத்துக்கொள்ளும். எந்தப் பஸ் எங்கே பழுதாகி நிற்கும் என்று தெரியாத பாதை அது. ஆகவே ஒவ்வொரு செய்தியின் பிரதியும் எல்லாப் பெட்டிகளிலும் தங்கும்படி வைத்தேன். வலையமைப்பு என் பக்கத்து வேலை. எந்தச் செய்தியும் தொலையாது என்று எனக்குப் பெருமை வேறு.

ஸ்ரெலாவின் பக்கம் தகவல் கோட்பாடு. அதை அவள் விளங்கப்படுத்தும் விதம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "காலமை சூரியன் வந்தது எண்டு நான் சொன்னால் உனக்கு என்ன கிடைச்சது? ஒண்டுமில்லை. வராமல் விட்டது எண்டு சொன்னால்தான் அது தகவல்." தமிழில் எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து வரும் என்று ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லலாம். அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி என்று கொடுத்தால், செய்தி மிகச் சிறிதாகச் சுருங்கிப் பெட்டிக்குள் அடங்கும். எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற அட்டவணையைத்தான் அவள் இறுதி ஆண்டுக்கு முன்பே தொடங்கி இரண்டு வருடங்களாகச் செய்துகொண்டிருந்தாள். பெட்டிகளில் அந்த அட்டவணை இல்லை. அவளுடைய மடிக்கணினியில்தான் இருந்தது. அது இல்லாதவன் பெட்டியைத் திறந்தால் அவனுக்குக் கிடைப்பது பூச்சியங்களும் ஒன்றுகளும்தான்.

சோதனைக்காக ஓர் ஊரைத் தெரிவுசெய்தோம். பாப்பாமோட்டைக்கு அப்பால் என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அனுமதிக் கடிதம் எல்லாம் முறையாக எடுத்திருந்தோம். நான் மன்னாரில் பஸ்ஸுக்குப் பெட்டியைப் பொருத்திக்கொண்டு அதிலேயே வருவதென்றும், ஸ்ரெலா முந்திப் போய்ச் சனத்திடம் செய்திகளை வாங்கிப் பதிவதென்றும் ஏற்பாடு. "ஏதாவது ஒரு செய்தி சொல்லுங்கோ, சும்மா சோதிச்சுப் பாக்கத்தான்" என்று கேட்பது அவளுடைய வேலை. சுகம் விசாரிப்பார்கள், நெல் விலை கேட்பார்கள், யாராவது சினிமாப் பாட்டு ஒன்றைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம்.

பஸ் சனசமூக நிலையத்தடியில் நின்றபோது ஆசனத்துக்குக் கீழே பெட்டியின் பச்சை வெளிச்சம் மின்னி மின்னி அடங்கியது. செய்தி ஏறிவிட்டது! சாரதிக்குக் கைகொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது. சற்று நேரத்தில் எதிர்த்திசையில் மற்றப் பஸ்ஸும் வந்து, அதே போல் எடுத்துக்கொண்டு போனது. உள்ளே போனேன். ஸ்ரெலா கதிரையில் இருந்தாள். சுற்றிவரப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம் இருந்தது. அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை.

யுத்தம் முடிந்ததிலிருந்து கணினியோடு அந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் காணாமற்போனவர்களைப் பற்றிப் பதியத்தான் வந்தார்கள். சனம் பழகிவிட்டது. மடிக்கணினியை ஒருத்தி விரித்தால் என்ன சொல்ல வேண்டும், எந்த ஒழுங்கில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பெயர், வயது, எந்த இடத்தில், யார் கூட்டிக்கொண்டு போனது, என்ன வாகனம், வாகனத்தின் நிறம். ஸ்ரெலா "சோதனை" என்று சொன்னது யாருடைய காதிலும் ஏறவில்லை. முதலில் வந்த அம்மா செபம் சொல்வதுபோல நிறுத்தாமல் சொல்லியிருக்கிறா. அந்த அம்மாவைச் செல்வமலர் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. அவவுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"ஏன் நிப்பாட்டேல்ல?" என்று வெளியே வந்ததும் கத்தினேன்.

"எப்பிடி நிப்பாட்டுறது? 'உங்கட பிள்ளையின்ர பேர் வேண்டாம், நெல்லு விலையைச் சொல்லுங்கோ' எண்டே சொல்லுறது?" என்றாள். "ரமணன், அவை ஆக்களின்ர பேரும் சொல்லிப்போட்டினம். கூட்டிக்கொண்டு போன ஆக்களின்ர பேர். அது இப்ப பஸ்ஸில போகுது."

அந்த நேரத்து மன்னாரை அறிந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பெயர்கள் பிழையான ஒருவனின் கையில் கிடைத்தால், சொன்ன வீட்டுக்கு ஆள் வரும். அந்த அம்மாக்களில் அநேகமானோருக்கு வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தது.

தொலையக் கூடாது என்று நான் கட்டிய வலையமைப்பை இப்போது தொலைக்க வேண்டியிருந்தது. ஊரில் இருந்த பெட்டியை அங்கேயே துடைத்தோம். ஊரில் ஒருவரிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் மன்னார் வந்து, அவள் வீட்டுப் பெட்டியைக் கழற்றினோம். பஸ் நிலையத்தில் ஒரு பஸ் வந்து நின்றது, அதையும் துடைத்தோம். மற்றதற்காகக் காத்திருந்தோம். அது வந்தபோது நடத்துநர் எங்களைக் கண்டு, படியிலேயே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளையள், பெட்டியை ஆமிச் சென்றியில இறக்கிப்போட்டாங்கள். அதில எழுதியிருந்த நம்பரையும் எடுத்தவங்கள்." அவளுடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அதில் ஒட்டியிருந்தது நாங்கள்தான். அனுமதிக்கு அது நிபந்தனை.

பஸ் நிலையத்து மர வாங்கில் ஸ்ரெலா உட்கார்ந்துவிட்டாள். நான் ஏதேதோ சொன்னேன். யாரிடம் போகலாம், யாரைப் பிடிக்கலாம் என்றெல்லாம். அவள் கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள். அட்டவணையை அழிக்கப்போகிறாள் என்று விளங்கியதும் அவள் கையைப் பிடித்தேன்.

"விசரே உனக்கு? ரெண்டு வருச வேலை."

"இது இருந்தால் அதை வாசிக்கலாம்."

"வாசிக்க ஏலாமல் கிடந்தால் இயக்கத்தின்ர சங்கேதம் எண்டுதான் நினைப்பாங்கள். உன்னைத்தான் பிடிப்பாங்கள். வாசிக்கக்கூடியதா இருந்தால் அம்மாக்களைப் பிடிப்பாங்கள். யோசி ஸ்ரெலா."

"யோசிச்சிட்டன்" என்றாள். அழுதுகொண்டு சொன்னாள். வாங்கில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அட்டவணையை அழித்தாள். பிறகு அது எந்தச் செய்திகளிலிருந்து செய்யப்பட்டதோ, அவள் ஊர் ஊராகத் திரட்டிய அந்த மாதிரிச் செய்திகளையும் அழித்தாள். பென்ட்ரைவில் இருந்த பிரதியையும் விடவில்லை. "அதையாவது விடு, திரும்பச் செய்யலாம்" என்றேன். "நான் திரும்பச் செய்யலாம் எண்டால் மற்றவனும் செய்யலாம்" என்றாள்.

அடுத்த நாள் அழைப்பு வந்தது. நான் கூடப் போனேன். அதிகாரி கதிரை தந்து, தேத்தண்ணியும் தரச் சொன்னார். அவருடைய மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார். பெட்டி மேசையில் இருந்தது. அதற்குள் இருப்பதை வாசித்துக்காட்டச் சொன்னார்கள். ஸ்ரெலா மடிக்கணினியில் பொருத்தினாள். திரை முழுக்கப் பூச்சியமும் ஒன்றும்.

"இது என்ன எண்டு கேக்கிறார்."

"செய்தி, சேர். ஆனா வாசிக்க ஏலாது. வாசிக்கிற அட்டவணையை அழிச்சுப்போட்டன்."

பொய் சொல்லுவாள் என்று நம்பியிருந்தேன். இயந்திரம் பழுது என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

"ஏன் அழிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

"பயத்தில."

"ஆருக்குப் பயம்?"

ஸ்ரெலா அதிகாரியைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான்" என்றாள்.

மொழிபெயர்த்தவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். அரைகுறைச் சிங்களம் தெரிந்த எனக்கு அதில் ‘விபாகய’, பரீட்சை, என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அதிகாரி தலையாட்டினார், சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். பெட்டியைப் பார்த்துவிட்டு அறிவிப்பார்கள், இப்போது போகலாம் என்றார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எங்களுக்காக அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. அவர் நன்றாக இருக்கட்டும்.

இந்தக் கதை எப்படியோ வெளியில் பரவி, "அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னவள்" என்று ஆகிவிட்டது. பதாகைக்கும் அதுதான் காரணம். அருகில் இருந்தவன் சொல்கிறேன், அது துணிச்சல் இல்லை. பொய் சொல்வதற்கும் அவளுக்குப் பயம். வெளியே வந்து வீதியோரத்தில் வாந்தி எடுத்தாள்.

பெட்டி திரும்பி வரவேயில்லை. ஒருவரும் அறிவிக்கவுமில்லை. அதுதான் அவளைத் தின்றது. யாராவது கெட்டிக்காரன் எங்கேயோ ஓர் அறையில் இருந்து அந்தப் பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருப்பான், எது அடிக்கடி வருகிறது என்று கண்டுபிடிப்பான், ஒருநாள் அதற்குள் இருக்கும் தமிழ் வெளிப்படும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். அழித்ததையும் யாராவது மீட்டெடுக்கலாம் என்று அந்த மடிக்கணினியைக் கடைசிவரை வேறு ஒருவருடைய கையிலும் கொடுக்கவில்லை. இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்தால் கதைத்த கதையைப் பாதியில் நிறுத்துவாள். மேற்படிப்புக்கு அழைப்பு வந்தபோது போகவில்லை. அங்கே போனால் அதே துறையில் அதே அட்டவணையைத்தான் செய்யச் சொல்வார்கள் என்றாள். தரவு பழுதாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்து குறைந்த புள்ளிகளோடு அரும்பொட்டில் சித்தியடைந்தாள். வகுப்பில் முதலாமிடம் வரவேண்டியவள். பிறகு மன்னாரிலேயே பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தாள். "எதையும் பதிஞ்சு வைக்கிறதுக்கு முதல் கேளுங்கோ, இது கை தவறிப் போனால் ஆருக்கு அடி விழும் எண்டு" என்பது அவளுடைய முதல் பாடம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அம்மாக்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நான் வேண்டாம் என்றேன். காலப்போக்கில் மறந்துவிடுவார்கள் என்றேன். "பதிஞ்சாச்சு எண்டு நம்பிக்கொண்டு இருக்கினம், ரமணன். ஆரோ தேடுகினம் எண்டு இருக்கினம்" என்றாள். வீடு வீடாகப் போனோம். ஸ்ரெலா, ‘நான் பதிய வரவில்லை, படிக்கிற பிள்ளை, அது சோதனைக்கு, இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்’ என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். சிலர் ஓம் பிள்ளை என்றார்கள். சிலர் விளங்காமல் திரும்பவும் படத்தை எடுத்து நீட்டினார்கள். செல்வமலர் அக்கா மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப உங்கட பெட்டியும் அவங்களைப் போலத்தான். கொண்டு போனது, திருப்பித் தரேல்ல" என்றா. ஸ்ரெலா தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகு வருடம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்வந்தாள் என்பது எனக்கே செத்தவீட்டில்தான் தெரியவந்தது.

செத்தவீட்டுக்குச் செல்வமலர் அக்கா பஸ் ஏறி வந்திருந்தா. சவப்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: போகிறவளிடம் தங்கள் தங்கள் செத்தவர்களுக்குச் சேதி சொல்லி அனுப்புவார்கள். "என்ர ராசாத்தி, அங்க என்ர அவரைக் கண்டால் நான் சுகமெண்டு சொல்லு", "என்ர அம்மாவைக் கண்டால் வாறனெண்டு சொல்லு" என்று ஒவ்வொருவராகச் சொல்லி அழுதார்கள். செல்வமலர் அக்கா ஸ்ரெலாவின் கையைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றா. செபம் தொடங்கமுன் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றா.

"எல்லாரும் சொல்லிவிடுகினம் தம்பி. எனக்குச் சொல்லிவிட ஒண்டுமில்லை. என்ர பிள்ளை அங்க இல்லை" என்றா. பிறகு, "வருசம் வருசம் இவ வந்து கேப்பா. எழுத மாட்டா, ஒண்டிலும் பதிய மாட்டா, இருந்து கேப்பா. முழுக்கச் சொல்லி முடிக்குமட்டும் இருப்பா. இனி ஆரிட்டைச் சொல்லுறது? உம்மிட்டைச் சொல்லட்டே?" என்றா.

வாசல் படலையடியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம். நான் தொலைபேசியை நிறுத்திச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அக்காவைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், சுவரோரமாக இருத்தி, "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

பெயர், வயது, எந்த இடத்தில், யார் கூட்டிக்கொண்டு போனது, என்ன வாகனம், என்ன நிறம். முழுக்கச் சொல்லி முடிக்குமட்டும் இருந்தேன். இடையில் பலமுறை படலைப் பக்கம் பார்த்தேன், எழுந்து போகவில்லை. ஸ்ரெலாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயமும், அந்தப் பயத்தோடேயே அசையாமல் இருந்து கேட்பதும்தான். அந்தப் பிள்ளையின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.